காண்க: சுடர்விழி

அப்பாவும் தம்பியும் இறந்த செய்தியை மட்டும் அடைவில் சேர்க்க வேண்டாம் என்று சுடர்விழி கேட்டுக்கொண்டாள். கேட்ட பிறகு, இது முறையில்லாத வேண்டுகோளாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். எதிரே மேகலா அமர்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவே இருந்த மேசையின்மேல், சுடர்விழியின் தாய் பூங்கோதை, மறதி நோய் முற்றும் முன், தம் வாழ்க்கையைப் பற்றித் தம் வாயாலேயே சொன்னவை யாவும் எழுத்தாக்கப்பட்டுத் தடித்த கட்டுகளாக அடுக்கப்பட்டிருந்தன.

மேகலாவின் தொழிலைப் பற்றி இங்கே சற்று விளக்குவது நலம். ஒரு நூலின் இறுதியில், எந்தப் பெயர், எந்தச் செய்தி, எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதை அகர வரிசையில் காட்டும் ஒரு பகுதி உண்டு. அதற்குச் சொல்லடைவு என்று பெயர். மேகலா அதைத் தயாரிப்பவள். எந்த நிறுவனத்திலும் ஊழியராக இராமல், ஈரோட்டில் தன் வீட்டிலிருந்தபடியே பல பதிப்பகங்களுக்கு அந்த வேலையைச் செய்து கொடுத்துவந்தாள். நூல்களுக்கான அடைவுகளைக் கணினியே தயாரிக்கத் தொடங்கியதும் அவளைப் போன்றவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சிலர் மொழிபெயர்ப்பின் பக்கம் ஒதுங்கினார்கள். ஒருவர் திருப்பூரில் பனியன் கடை வைத்தார். இனி இந்தத் தொழில் இல்லை என்று எல்லோரும் ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொண்ட பிறகுதான், யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து அழைப்பு வந்தது. மருத்துவமனைகள் அடைவாளர்களைத் தேடின.

முதல் சந்திப்பிலேயே சுடர்விழி அதைப் பற்றிக் கேட்டிருந்தாள். அவள் ஹைதராபாத்தில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவள். எதையும் கேட்டுத் தெளிந்த பின்னரே ஒப்புக்கொள்ளும் இயல்பினள்.

"இதுக்கு எதுக்குங்க ஒரு ஆளு? கம்ப்யூட்டரே பண்ணிக்காதுங்களா?"

மருத்துவர் தனக்குச் சொன்னதை மேகலா தன் சொற்களில் அவளுக்குச் சொன்னாள்.

"மறதி நோய்ல நினைவு அழியறது கடைசியிலதாங்க. முதல்ல அழியறது அதுக்குப் போற வழி. புத்தகம் முழுசா இருக்கும், எது எங்க இருக்குன்னு மட்டும் தெரியாது. காதுக்குப் பின்னால வைக்கிற சில்லு அந்த வழியைத் திறந்துவிடும். எந்தச் சொல்லுக்கு எந்த நினைவுன்னு நாம எழுதிக் குடுக்கறதை வெச்சுத்தான் திறக்கும். ஆரம்பத்துல கம்ப்யூட்டர்தான் எழுதுச்சு. அது ஒண்ணையும் விடலை. சோறுன்னு ஒருத்தர் நினைச்சா, பொறந்ததுல இருந்து அவரு சாப்பிட்ட சோறெல்லாம் ஒண்ணா ஞாபகம் வந்துச்சு. மனுசன் தாங்குவாருங்களா?"

சுடர்விழி சிறிது யோசித்தாள். "அப்ப எதை எழுதறதுங்கறது இல்லீங்க. எதை விடறதுங்கறதுதான் உங்க வேலை."

"ஆமாங்க. விடறதுதான் வேலை."

அந்தப் பதிலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அவள் இப்போது தன் வேண்டுகோளை முன்வைத்தாள் என்று தோன்றுகிறது.

அவளுடைய தந்தை சென்னியப்பன், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஓட்டியவர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த வண்டிகள் அவ்வூரிலிருந்து நாடெங்கும் செல்பவை. சென்றால் பல மாதங்கள் திரும்புவதில்லை. தம்பி தரணிதரனுக்குப் படிப்பு ஏறவில்லை. அப்பாவின் வண்டியிலேயே குழாய் இறக்கும் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். சத்தீஸ்கரில் ஒரு மலைச்சரிவில் வண்டி உருண்டபோது இருவரும் அதில் இருந்தார்கள். பூங்கோதைக்கு மறதி தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின்னர்.

"தம்பி எங்க கண்ணுன்னு கேப்பாங்க. நான் சொல்லுவேன். அன்னிக்குத்தான் முதல் தடவையா கேக்கற மாதிரி கீழ விழுந்து அழுவாங்க. அழுது முடிச்சு, மூஞ்சியக் கழுவிட்டு வந்து, தம்பி எங்க கண்ணும்பாங்க. நான் அவங்களை எத்தனை தடவைங்க கொல்றது?"

சில்லு பொருத்திய பிறகு அந்நிலை மாறுமா என்று மேகலா மருத்துவரிடம் விசாரித்தாள். மாறாது என்றார் அவர். சில்லு பழைய நினைவுக்கு வழி திறக்குமே தவிர, புதிதாக எதையும் சேர்த்துவைக்காது. இன்று அழுதது நாளை நினைவிருக்காது. இறப்பை அடைவில் சேர்த்தால், மகனை எண்ணும்போதெல்லாம் அவர் அதைப் புதிதாகவே அறிவார். சேர்க்காவிட்டால், அதற்கு வழியே இராது. இதைக் கேட்ட பிறகு மேகலா தயங்கவில்லை. விபத்தைப் பற்றிப் பூங்கோதை சொல்லியிருந்த பக்கங்களை அவள் ஒரு முறை படித்தாள். பிறகு அவற்றைக் கட்டிலிருந்து உருவித் தனியே எடுத்துவைத்தாள்.

ஆனால் ஒரு சிக்கல் எஞ்சியது. மருத்துவமனை அடைவாளர்களுக்கென்று ஒரு விதி வகுத்திருந்தது. நோயாளியின் வாழ்வில் வரும் ஒவ்வொருவர் பெயரின் கீழும் 'இப்போது' என்று ஓர் உட்தலைப்பு இருந்தாக வேண்டும். அது இல்லையேல், அந்த ஆள் எங்கே என்று மனம் தேடிக்கொண்டே இருக்கும். இறந்த இருவருக்கு 'இப்போது' என்ன எழுதுவது?

அடைவாளர்களுக்கு அலைபேசியில் ஒரு குழு இருந்தது. தொழில் குறித்த ஆலோசனைகளை அதில் பரிமாறிக்கொள்வார்கள். ஆசிரியர் எழுதிய சொல்லைத் தலைப்பாக வைக்காதே, வாசகர் தேடும் சொல்லை வை. போகிற போக்கில் வரும் பெயரைச் சேர்க்காதே. பக்க அமைப்பு முடியும் முன் வேலையைத் தொடங்காதே. அவசரம் என்று சொல்பவர்தான் கடைசியில் தாமதம் செய்வார், அவரை நம்பாதே. இடையிடையே எழுந்து நட, இல்லையேல் முதுகு உன்னை எழவிடாது. புதிதாகச் சேருபவர்களுக்கு மேகலாவே பொறுமையாக இவற்றைத் தட்டச்சு செய்வதுண்டு. தனக்கு ஐயம் வரும்போது மட்டும் அவள் குழுவில் கேட்பதில்லை. நாகர்கோவிலில் இருக்கும் பிலோமினாவை அழைப்பாள். இருவரும் ஒரே ஆண்டில் தொழிலுக்கு வந்தவர்கள். நேரில் சந்தித்ததே இல்லை.

பிலோமினா முழுவதையும் கேட்டுவிட்டு, இவ்வளவுதானா என்பது போலப் பேசினாள்.

"புஸ்தகத்துல பக்கம் இல்லாத எடத்துல நாம என்ன மக்களே செய்வோம்? காண்கன்னு போட்டு வேற எடத்துக்கு அனுப்பிருவோம்லா. வாசகன் அங்கன போயி நிப்பான். மேல கேக்க மாட்டான்."

"கேட்டா?"

"கேட்டா அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்."

இருவரும் சிரித்தார்கள். அந்த ஆலோசனை மேகலாவுக்கு நியாயமாகவே பட்டது. 'தரணிதரன், இப்போது' என்பதற்கு எதிரே 'காண்க: சென்னியப்பன்' என்று எழுதினாள். மகன் தகப்பனோடு இருக்கிறான் என்பதைவிட ஒரு தாய்க்கு ஆறுதல் ஏது? 'சென்னியப்பன், இப்போது' என்பதற்குப் பூங்கோதையின் சொற்களிலேயே ஒரு பகுதி கிடைத்தது. வடக்கே ஏதோ ஒரு சோளக்காட்டில் வண்டி நிற்கிறது, தார்ப்பாய்க்கு அடியில் சோறு வேகிறது, அவர் தண்ணீர்க் கேனைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார் என்று அவர் ஒருநாள் சொல்லியிருந்தார். பொய் இல்லை. அந்த மனிதர் வாழ்நாளில் பெரும்பாலும் அங்கேதான் இருந்தார்.

அடைவு முடிந்தது. மேகலா அதைச் சரிபார்த்து, சுடர்விழியின் ஒப்புதல் பெற்று, மருத்துவமனைக்கு அனுப்பினாள். பூங்கோதையைப் படுக்கவைத்து அவர் சொன்னவற்றை அவருக்கே வாசித்துக்காட்டி, தலைச்சொற்களை ஒவ்வொன்றாகச் சில்லில் பதித்தார்கள்.

சில வாரங்கள் கழித்துச் சுடர்விழியிடமிருந்து வந்த அழைப்பை மேகலா மகிழ்ச்சியோடு கேட்டாள். அம்மா கட்டுத்தறியில் மாட்டைத் தேடுவதை விட்டுவிட்டாராம். அவர்கள் மாடு வைத்திருந்தது அவருடைய சிறுவயதில். இப்போது கேஸ் அடுப்பைப் பற்றவைக்கிறார். அரிசிம்பருப்புச் சோறு செய்து இறக்கி, நெய்யை ஊற்றும்போது, சுடர்விழிக்கு நெய் பிடிக்காது என்று நினைவுவந்து கையை நிறுத்தினாராம். தான் விடுப்பு முடிந்து ஹைதராபாத் திரும்புவதாகவும், அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் அமர்த்தப்பட்டிருப்பதாகவும் கூறினாள். நன்றியைப் பல விதமாகச் சொன்னாள்.

அடுத்த அழைப்பு மருத்துவமனையிலிருந்து வந்தது.

பக்கத்துத் தெருவில் ஒரு திருமணம். அழைக்க வந்த பெண்மணி, பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, உங்க வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று கூறிச் சென்றிருக்கிறார். வேற்றூரிலிருந்து அண்மையில் குடியேறியவர், அவருக்கு ஒன்றும் தெரியாது. அமர்த்தப்பட்ட அம்மாள் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியபோது வீடெங்கும் புகை. தாளிக்க வைத்த எண்ணெய் தீய்ந்துகொண்டிருந்தது. பூங்கோதை அடுப்புக்கு எதிரே நின்றிருந்தார்.

மருத்துவமனையில் எடுத்த காணொளிப் பதிவை மருத்துவர் மேகலாவுக்குப் போட்டுக்காட்டினார். கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, யாரையும் பாராமல், சாதாரணக் குரலில் பூங்கோதை பேசிக்கொண்டிருந்தார்.

"தரணி எங்க? அவிய அப்பாகூட இருக்கறான். அவரு எங்க? தரணிகூட இருக்கறாரு. தரணி எங்க? அவிய அப்பாகூட இருக்கறான். அவரு எங்க?"

ஹைதராபாத்திலிருந்து விரைந்து வந்திருந்த சுடர்விழி குறுக்கே அம்மா, அம்மா என்று அழைப்பதும் பதிவில் கேட்டது. பூங்கோதை திரும்பவில்லை. களைப்பு மேலிட்டு உறங்கும்வரை இது நீடிக்கும், விழித்தால் தெளிவாகவே இருப்பார், இருவரில் ஒருவர் இப்போது எங்கே என்று தோன்றியதும் மறுபடி தொடங்கிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். அவர் விளக்கி முடிப்பதற்கு முன்பே மேகலாவுக்குப் புரிந்துவிட்டது.

அடைவாளர்கள் இதை வட்டம் என்பார்கள். கிணறு என்று தேடினால் 'காண்க: நீர்நிலை' என்றிருக்கும். நீர்நிலை என்று போனால் 'காண்க: கிணறு' என்றிருக்கும். பக்க எண் எங்குமே இராது. தொழிலில் இதைவிட வெட்கப்படத்தக்க பிழை வேறில்லை. அதனாலேயே வேலையை அனுப்பும் முன் வட்டம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மேகலா அதைச் செய்திருந்தாள். வட்டம் இருக்கவில்லை. ஆனால் சோதனைக்குப் பிறகு ஒப்புதலுக்காகப் படித்த சுடர்விழி ஒரு திருத்தம் கேட்டிருந்தாள். சோளக்காட்டில் நிற்பதாக அம்மா சொன்ன வண்டி, பின்னால் உருண்ட அதே வண்டி. அந்த வண்டியின் நினைவு எங்கே கொண்டுபோய் விடுமோ என்று அஞ்சுவதாகவும், அதை எடுத்துவிட முடியுமா என்றும் மிகுந்த தயக்கத்தோடு கேட்டாள். நியாயமான அச்சம்தான். மருத்துவமனையில் காத்துக்கொண்டிருந்தார்கள். மேகலா அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் 'காண்க: தரணிதரன்' என்று எழுதினாள். அப்பா மகனோடு இருக்கிறார். படிக்க நன்றாகவே இருந்தது. சுடர்விழியும் நன்றாக இருக்கிறது என்றாள். சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும் என்று மேகலாவுக்குத் தோன்றவில்லை.

நூலில் வட்டம் இருந்தால், வாசகர் எரிச்சலோடு புத்தகத்தை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவார். பூங்கோதையால் மூட முடியவில்லை.

"தப்பு என்னுதுங்க," என்றாள் மேகலா. சுடர்விழியின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"திருத்தம் கேட்டது நானுங்களே," என்றாள் சுடர்விழி.

யார் பிழை என்பதை அந்த அறையில் இருந்த மூவரும் அதற்குமேல் பேசவில்லை. இனி என்ன செய்ய முடியும் என்பதை மருத்துவர் நிதானமாக எடுத்துரைத்தார். பதித்த வழியை அழிக்க இயலாது. இருவர் பெயரிலிருந்தும் ஒரே இடத்துக்குப் போவதாக, மேலும் ஒரே ஒரு வழியைப் புதிதாகச் சேர்க்கலாம். நோயின் இந்த நிலையில் அதற்குமேல் மூளை தாங்காது. சில்லை அணைத்துவிடுவது என்றால் அதுவும் முடியும். அணைத்தால் நெய்யும் போகும், அடுப்பும் போகும், மகளும் போவாள். எனவே அவர் பரிந்துரைப்பது, இருவர் பெயரின் கீழும் இறப்பைச் சேர்ப்பது. புதிய வழி முந்திக்கொள்வதால் வட்டம் உடையும்.

"உடைஞ்சு?" என்று கேட்டாள் சுடர்விழி.

துக்கப்படுவார் என்றார் மருத்துவர். ஒவ்வொரு முறையுமா என்று அவள் கேட்டாள். அவர் மறுக்கவில்லை.

அவள் மேகலாவிடம் திரும்பினாள்.

"எம்பேரைப் போட முடியுங்களா? ரெண்டு பேருக்குமே. இப்போது, காண்க சுடர்விழின்னு."

மேகலாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"அவங்க எங்கன்னு தோணுச்சுன்னா எங்கிட்ட வந்து கேக்கட்டுங்க. நான் ஏதாவது சொல்லிக்கறேன். வண்டி அங்க நிக்குது, இங்க நிக்குதுன்னு. அம்மாவுக்கு அது பழக்கந்தானுங்க. அப்பாவுக்கு டவர் கிடைக்காத நாள்ல எல்லாம், மொதலாளி ஆபீஸுக்கு ஃபோன் பண்ணி, அங்க இருக்கற பொண்ணுகிட்டத்தான் கேட்டுக்குவாங்க."

அது நடக்கக்கூடியதுதான் என்று மருத்துவர் ஒப்புக்கொண்டார். மேகலாதான் தயங்கினாள். தொழில் தெரிந்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று தொடங்கினாள். பூங்கோதை நாள் முழுதும் மிகுதியாக நினைப்பது அந்த இருவரைத்தான். அந்த நினைப்பெல்லாம் ஒரே பெயருக்கு வந்துசேர்ந்தால், அந்தப் பெயருக்கென்று முன்பே இருக்கும் செய்திகள் அடியில் போய்விடும். திறக்கத் திறக்க அந்த வழி ஒன்றே அகலும். மற்றவை தூர்ந்துபோகும்.

"உங்களைப் பார்த்தா, நீங்க ஞாபகம் வராம, அவங்க எங்கங்கற கேள்விதான் ஞாபகம் வருமுங்க."

"நான் சோறு போட்டா சாப்பிடுவாங்கல்லீங்க?"

"சாப்பிடுவாங்க."

"அது போதுங்க."

மேகலா அந்த வரியை எழுதிக்கொடுத்தாள். சோதனையை மீண்டும் மீண்டும் செய்தாள். வட்டம் இல்லை. சுடர்விழி ஹைதராபாத் வேலையை விட்டுவிட்டுத் திருச்செங்கோட்டுக்கு வந்துசேர்ந்தாள்.

வீடு திரும்பிய மேகலா, என்ன நடந்தது என்று குறிப்பிடாமல், குழுவில் ஓர் ஆலோசனையைப் பதிந்தாள். கடைசித் திருத்தம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதற்குப் பிறகு வட்டச் சோதனையைத் தவறாமல் மறுபடியும் செய்யுமாறு அனைவரையும் பணிவுடன் கேட்டுக்கொண்டாள். பலர் கைகூப்பிய படங்களை அனுப்பினார்கள். மிகவும் பயனுள்ள குறிப்பு என்றார் ஒருவர். எந்த மென்பொருளில் அந்தச் சோதனை நன்றாக இருக்கும் என்று புதியவர் ஒருவர் கேட்டார். மேகலா அவருக்கு விவரமாகப் பதில் எழுதினாள்.

பிலோமினா மட்டும் அழைத்தாள். நடந்ததை முழுவதும் கேட்டாள்.

"அடுத்த பதிப்புன்னு சொன்னேம்லா மக்களே," என்றாள்.

அதற்குப் பின் இருவரும் அடிக்கடி பேசிக்கொள்ளவில்லை. மேகலா அடுத்து வந்த நோயாளியின் கட்டுகளை எடுத்துக்கொண்டாள். வேறு வேலை அவளுக்குத் தெரியாது.

மழைக்காலத்தில் ஒருநாள், ராசிபுரம் பக்கம் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், மேகலா திருச்செங்கோட்டில் இறங்கினாள். அழைக்காமல் வருவது சரியா என்று பேருந்து நிலையத்தில் சற்றுத் தயங்கி நின்றாள். மலை மேகத்தில் பாதி மறைந்திருந்தது. ஊருக்குள் போகும் சாலையின் இருபுறமும் ரிக் வண்டிகள் ஒன்றையொட்டி ஒன்றாக நின்றிருந்தன. அவற்றின் அடியில் மெக்கானிக்குகள் மல்லாந்து கிடந்து வேலை பார்த்தார்கள்.

கதவைத் திறந்த சுடர்விழி இளைத்திருந்தாள். வரவேற்றபோது அவள் குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. உள்ளே அழைத்துச் செல்லும் முன், வாசலிலேயே குரலைத் தாழ்த்தி ஒன்றைச் சொன்னாள்.

"அம்மா என்னை வேற யாரோன்னு நினைச்சுப் பேசுவாங்க. நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. நீங்க சொன்ன மாதிரியே ஆயிருச்சு. நான் இப்ப மொதலாளி ஆபீஸ்ல இருக்கற பொண்ணுங்க." சிரிக்க முயன்றாள். "பொண்ணு எங்கன்னு கேட்டா, ஹைதராபாத்ல இருக்கறாங்க, நல்லா இருக்கறாங்கன்னு நானே சொல்லிக்கறேன்."

மேகலாவுக்கு அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடத் தோன்றியது. இன்னொரு வரி சேர்க்க முடியாதா என்று மருத்துவரைக் கேட்டீர்களா என்றாள். கேட்டாயிற்று, முடியாது என்றாள் சுடர்விழி. அவர் முதலிலேயே அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார் என்பதையும், அவர்மேல் குறையில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

பூங்கோதை கூடத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலை வாரி, நெற்றியில் திருநீறு இட்டு, பார்க்கத் தெளிவாக இருந்தார். மேகலாவை உட்காரச் சொல்லி, யார் வீடு, எந்த ஊர் என்று விசாரித்தார். ஈரோடு என்றதும், அங்கே ஜவுளிச் சந்தையில் தாம் புடவை எடுத்ததைப் பற்றி ஒழுங்காகக் கோத்துச் சொன்னார். அது மேகலா எழுதிய தலைச்சொல். நன்றாக வேலை செய்தது. நடுவில் சுடர்விழி காபி கொண்டுவந்து வைத்தாள். அவளை நிமிர்ந்து பார்த்ததும் புடவையைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது.

"ஏனுங் அம்மிணி, வண்டி இப்ப எங்கீங்க நிக்குது?"

சுடர்விழி தட்டைக் கையில் பிடித்தபடியே நின்று பதில் சொன்னாள். "சத்தீஸ்கர்லீங்கம்மா. அங்க சரியான மழையாமுங்க. வேலை ஓடலைன்னு நிறுத்தி வெச்சிருக்கறாங்க."

பூங்கோதை தலையை அசைத்துக்கொண்டார். பூண்டுத் தோலை முறத்தின் ஓரமாக ஒதுக்கினார். இன்னும் இரண்டு பல் உரித்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, சன்னல் வழியே தெருவில் நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"அம்மிணி, நானும் ரிக்காரருக்கு வாக்கப்பட்டவ. மழை புடிச்சா வண்டி ஊருக்கு வந்துருமுங்க. எல்லா வண்டியும் வந்து நிக்குது பாருங்க."

சுடர்விழி தட்டைக் கீழே வைத்தாள்.

"அவருகிட்ட ஒரு ஃபோன் இருக்குது. பையன்கிட்ட ஒண்ணு இருக்குது. ரெண்டுல ஒண்ணாவது அடிக்கோணுமல்ல? எனக்குன்னு வீட்டுக்கு ஒரு சத்தம் வரலை. ஆபீஸ்ல இருந்து நீங்க வந்து உக்காந்து சோறாக்கிப் போடறீங்க. எந்த ஆபீஸ்ல இதெல்லாம் செய்வாங்க?"

அவருடைய குரல் உயரவில்லை. எதையும் நினைவுகூர்பவரைப் போல அவர் பேசவில்லை. கணக்குப் போட்டு விடையைச் சொல்பவரைப் போலப் பேசினார். நினைவுக்குத்தான் வழி வேண்டும். கண்ணெதிரே இருப்பதைச் சேர்த்துப் பார்ப்பதற்கு அடைவு எதுவும் தேவைப்படவில்லை. தன் தொழிலில் இத்தனை காலம் இருந்தும் மேகலா அதை எண்ணிப் பார்த்ததில்லை.

"ரெண்டு பேருமேங்களா?" என்று கேட்டார் பூங்கோதை. உடனே கையை உயர்த்தித் தடுத்தார். "வேண்டாம். நீங்க சொல்ல வேண்டாம். சொல்லக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருப்பாரு. உங்க மேல தப்பில்லை."

புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் பேசத் தொடங்கியபோது, அவர் சொல்லவிருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னதாகச் சுடர்விழியின் உதடுகள் ஓசையின்றி அசைவதை மேகலா கண்டாள். இது இன்று மட்டும் நடப்பது இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"ஒரே ஒரு ஒத்தாசை பண்ணுங்க அம்மிணி. எம்பொண்ணு ஹைதராபாத்ல இருக்கறா. சுடர்விழின்னு பேரு. அவ உங்க ஆபீஸுக்கு ஃபோன் பண்ணிக் கேட்டான்னா, வண்டி நிக்குது, அங்க மழைன்னே சொல்லுங்க. தம்பின்னா உசுரு அவளுக்கு. தாங்கமாட்டா."

சுடர்விழி குனிந்து, தாயின் முன்னாலிருந்த முறத்தை எடுத்துக்கொண்டாள்.

"சரிங்கம்மா," என்றாள். "உங்க பொண்ணுக்குத் தெரிய வேண்டாமுங்க."